மீன்தொட்டியின் கரும்பின்னணி

சாணமிட்டு மெழுகிய மண்வாசலில் அரிசிமாவால் இட்ட கோலம் தொலைவிலிருந்தே தெரியும். அதே மாவைக் கொண்டு, அதே கை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வெண்ணிறத் தரையில் இட்டால் கோடுகள் மங்கிவிடும். மாவின் வெண்மை குறையவில்லை. அதன் அடியில் இருந்த கருமை நீங்கிவிட்டது. பொன் நகையைக் கரிய வெல்வெட்டுத் துணியின்மேல் வைத்துக் காட்டும் நகைக்கடைக்காரர் அறிந்திருப்பதும் இந்த உண்மையே. ஒரு பொருள் நன்கு தெரிவதற்கு அப்பொருள் மட்டும் போதாது. அதன் பின்னால் இருப்பதும் துணைசெய்ய வேண்டும்.

வீட்டில் வளர்க்கும் மீன்தொட்டிக்கும் இது பொருந்தும். ஆயினும் கோலத்திற்கும் நகைக்கும் இல்லாத ஒன்று மீனுக்கு உண்டு. மீன் உயிருள்ளது, அதற்கும் கண் உண்டு, நாம் அதனைப் பார்ப்பதுபோல் அதுவும் தன்னைச் சுற்றியுள்ளவற்றைப் பார்க்கிறது. ஆகவே மீன்தொட்டியின் பின்னணி இருவர்க்கு உதவ வேண்டும்: வெளியே நின்று பார்ப்பவருக்கும், உள்ளே வாழும் மீனுக்கும்.

பின்னணி என்னும் சொல்

'பின்', 'அணி' என்னும் இரு சொற்கள் சேர்ந்து 'பின்னணி' ஆயிற்று. அணி என்பதற்கு வரிசை என்றும் அழகு என்றும் பொருள் உண்டு. திரைப்படத்தில் முகம் காட்டாமல் பாடுபவரைப் பின்னணிப் பாடகர் என்கிறோம். அவர் தோன்றுவதில்லை, ஆயினும் அவரின்றிப் பாட்டு இல்லை. மீன்தொட்டியின் பின்னணியும் அத்தகையதே. தொட்டியின் பின்புறக் கண்ணாடியில் ஒட்டப்படும் தாளோ, பூசப்படும் வண்ணமோ பின்னணி எனப்படும். நன்கு அமைந்த பின்னணியைப் பார்ப்பவர் கவனிப்பதில்லை; மீனைத்தான் கவனிப்பர்.

மீன் ஏன் ஒளிகிறது?

ஆற்றில் வாழும் சிறுமீனுக்கு நாற்புறமும் பகை உண்டு. மேலிருந்து கொக்கும் மீன்கொத்தியும் பாயும். கீழிருந்து பெரிய மீன்கள் விழுங்க வரும். எனவே பல மீன்களின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் அமைந்துள்ளன. மேலிருந்து நோக்கும் பறவைக்குக் கரிய முதுகு ஆற்றின் இருண்ட ஆழத்தோடு கலந்துவிடுகிறது. கீழிருந்து நோக்கும் மீனுக்கு வெண்ணிற வயிறு ஒளிமிகுந்த நீர்ப்பரப்போடு கலந்துவிடுகிறது. இவற்றோடு கரையோர நிழல், வேரின் இடுக்கு, நீர்ச்செடிகளின் அடர்த்தி ஆகியவையும் மீனுக்குப் புகலிடம் ஆகின்றன.

கண்ணாடித் தொட்டியில் இவற்றுள் எதுவும் இல்லை. முன்னும் பின்னும் பக்கமும் வெளிச்சம். எப்புறம் திரும்பினாலும் அசையும் உருவங்கள். பின்னால் யாரேனும் நடந்து சென்றால் மீன் வெருண்டு ஓடும். சில மீன்கள் மூலையில் ஒடுங்கும், இரையிட்டாலும் உடனே வாரா, நிறம் வெளிறும். 'மீன் சோர்ந்துவிட்டது' என்று வருந்துவோர் பலர், அதற்கு மறைவிடம் இல்லை என்பதை எண்ணுவதில்லை. இடம்பெயர்ந்து வந்த உயிருக்கு முதலில் வேண்டுவது சாய்ந்துகொள்ள ஒரு சுவர். தொட்டியின் பின்புறத்தைக் கருமையாக்குவது மீனுக்கு அந்தச் சுவரைத் தருகிறது. மீன் விற்பவர்கள் நீர்ப்பையைச் செய்தித்தாளில் சுற்றித் தருவதுண்டு. வழியில் மீன் மிரளாதிருக்க அந்த இருள் உதவுகிறது.

நிறம் மாறும் தோல்

மீனின் தோலில் நிறமிச் செல்கள் உள்ளன. அவற்றுள் ஒருவகைச் செல்களில் மெலனின் என்னும் கருநிறத் துகள்கள் இருக்கும். மீன் இருண்ட இடத்தில் இருக்கும்போது இத்துகள்கள் செல் முழுவதும் பரவுகின்றன. அதனால் மீனின் நிறம் ஆழ்ந்து தோன்றும். வெளிறிய இடத்தில் இருக்கும்போது துகள்கள் செல்லின் நடுவே குவிகின்றன; மீன் வெளிறித் தோன்றும். மேலிருந்து வரும் ஒளியையும் சுற்றுப்புறத்திலிருந்து மீளும் ஒளியையும் கண் ஒப்பிட்டு உணர்த்த, நரம்புகளும் இயக்குநீர்களும் இம்மாற்றத்தைச் செய்கின்றன. கங்கைச் சமவெளி நீர்நிலைகளில் வாழும் பாடிஸ் என்னும் சிறுமீன் இவ்வாறு விரைந்து நிறம் மாறுவதால் பச்சோந்தி மீன் என்றே அழைக்கப்படுகிறது.

மீன்கள் வெளிச்சத்தையும் இருளையும் மட்டுமன்றி, நிறங்களையும் பிரித்தறிய வல்லவை. ஆஸ்திரிய அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறுமீன்களைப் பழக்கி இதனை மெய்ப்பித்தார். தேனீக்களின் நடன மொழியை ஆராய்ந்து, 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவரும் அவரே.

ஆகவே வெண்சுவரை ஒட்டிப் பின்னணியின்றி வைத்த தொட்டியில் மீன் வெளிறுவது நோயாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அஃது இயற்கையான தற்காப்பாகவும் இருக்கலாம். கரிய பின்னணியும் நடுத்தர நிறமுள்ள மணலும் அமைந்தால் அம்மீனின் நிறம் பெரும்பாலும் மீளும். பின்புறத்தைக் கருமையாக்கிவிட்டு, அடியில் வெண்ணிறக் கூழாங்கற்களைப் பரப்பினால் பயன் குறைந்துவிடும். பின்புறமும் அடியும் ஒத்திருத்தல் நன்று.

பழைய தொட்டிகள் காட்டும் வழி

லண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் 1853ஆம் ஆண்டு பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அக்காலத்துத் தொட்டிகள் சிலவற்றில் முன்புறம் மட்டுமே கண்ணாடி; பின்புறமும் பக்கங்களும் கற்பலகையால் ஆனவை. கண்ணாடியைக் கண்ணாடியோடு நீர் கசியாமல் ஒட்டும் சிலிக்கோன் பசை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின்னரே, எல்லாப் புறமும் கண்ணாடியாலான தொட்டிகள் வீடுகளுக்கு எளிதில் வந்தன. பார்ப்பவருக்கு வசதி பெருகியது. மீனுக்கு மறைவு குறைந்தது. இன்று பின்கண்ணாடியை மறைப்பவர், கற்பலகை தந்த மறைவை எளிய முறையில் திருப்பித் தருகிறார் எனலாம்.

எந்த நிறம் ஏற்றது?

பெரும்பாலான வண்ணமீன்களுக்குக் கறுப்பு பொருந்தும். நியான் டெட்ரா, கார்டினல் டெட்ரா ஆகிய மீன்களின் உடலில் ஓடும் நீலக்கோடு நிறமியால் ஆனதன்று. தோலிலுள்ள மெல்லிய படிகங்கள் ஒளியை எதிரொளிப்பதால் தோன்றுவது. இருண்ட பின்னணியில் அக்கோடு விளக்கேற்றியதுபோல் ஒளிரும். கார்டினல் டெட்ரா வாழும் ரியோ நீக்ரோ என்னும் ஆறு தென் அமெரிக்காவில் அமேசானோடு கலக்கிறது. அவ்வாற்றின் பெயருக்குக் கரிய ஆறு என்பதே பொருள். உதிர்ந்த இலைகளின் சாறு ஊறி அதன் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். அங்கிருந்து வந்த மீனுக்கு இருண்ட பின்னணி புதியதன்று.

கறுப்புக்கு வேறு நன்மைகளும் உண்டு. தொட்டியின் பின்னே தொங்கும் மின்கம்பியும் காற்றுக்குழாயும் மறைகின்றன. நீர்ச்செடியின் பச்சை தெளிவாகத் தெரிகிறது. பின்சுவர் எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குப் புலப்படாததால், சிறிய தொட்டியும் ஆழமுடையதுபோல் தோன்றுகிறது.

எனினும் எல்லா மீனுக்கும் கறுப்பே என்று விதி செய்தல் கூடாது. கறுப்பு மோலியும் கரிய தேவதை மீனும் கரும்பின்னணியில் மறைந்துபோகும். அவற்றுக்குக் கருநீலமோ சாம்பல் நிறமோ ஏற்றது. செடிகளை மிகுதியாக வளர்ப்போர் கரும்பச்சையைத் தேர்ந்தெடுக்கலாம். பளபளப்பான தாளைவிட மங்கலான தாளே நல்லது; பளபளப்பு விளக்கின் ஒளியைத் திருப்பிவிடும். கடைகளில் கிடைக்கும் பவளப்பாறைப் படங்களைக் கப்பி போன்ற நன்னீர் மீன்களின் பின்னே ஒட்டுவோர் உண்டு. படம் அழகாக இருக்கலாம். ஆனால் பார்ப்பவர் கண் மீனை விட்டுப் படத்திற்குச் சென்றுவிடும்.

எந்தப் பொருள் ஏற்றது?

முதலாவது, எழுதுபொருள் கடையில் கிடைக்கும் கறுப்பு சார்ட் தாள். விலை மிகக் குறைவு; எளிதில் மாற்றலாம். நீர் பட்டால் நெளியும், வெளுத்தும் போகும்.

இரண்டாவது, ஒட்டும் வினைல் தாள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வேண்டிய அளவில் வெட்டித் தருவர். நீர் பட்டாலும் கெடாது, வேண்டாதபோது உரித்தெடுக்கலாம். பெற்றோரின் பணியிட மாறுதலால் அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்களுக்கு இது பொருத்தமானது.

மூன்றாவது, வண்ணப்பூச்சு. நீரில் கரையும் மங்கலான கறுப்பு எமல்ஷன் பெயிண்டைப் பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் பூசலாம். நெடுநாள் நிலைக்கும், கண்ணாடியோடு ஒன்றிப் படிவதால் தோற்றமும் சிறக்கும். நீக்க வேண்டுமாயின் பிளேடால் சுரண்ட வேண்டும். பூச்சு எதுவாயினும் தொட்டியின் உட்புறத்தில் பூசுதல் ஒருபோதும் கூடாது. அது நீரில் கலந்து மீனைக் கொல்லக்கூடும்.

நான்காவது, தொட்டியின் உள்ளே வைக்கும் பாறை போன்ற பலகை. இது நீரின் இடத்தைக் குறைக்கும். சரியாக ஒட்டாவிடில் பின்னே மீன் சிக்கி இறக்கும். மீன்தொட்டிக்கெனவே செய்யப்படாத தெர்மோகோல் பலகைக்கு வீட்டில் வண்ணம் பூசி உள்ளே வைப்பதைத் தவிர்க்க வேண்டும். விலை உயர்ந்தது என்பதால் ஒன்று மீனுக்கு நல்லதாகிவிடாது. சார்ட் தாள் தரும் இருளும் இருளே.

காற்று செய்யும் குறும்பு

தாளைச் சுற்றிலும் ஒட்டுநாடாவால் ஒட்டிய பின்னும் சில தொட்டிகளில் பின்புறம் வெள்ளித் திட்டுகளாகத் தெரியும். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே சிக்கிய மெல்லிய காற்றுப்படலமே இதற்குக் காரணம். ஒளி கண்ணாடியிலிருந்து காற்றுக்குள் செல்லும்போது அதன் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. தாள் ஒட்டிய இடத்தில் கருமையும், ஒட்டாத இடத்தில் பளபளப்பும் தோன்றுகின்றன.

உள்ளிருக்கும் மீனுக்கு இது மேலும் சிக்கலானது. நீரிலிருந்து கண்ணாடி வழியே காற்றுக்குச் செல்ல முயலும் ஒளி, செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் வெளியேறவே இயலாது. முழுவதும் உள்ளேயே திரும்பும். இதனை முழு அக எதிரொளிப்பு என்பர். எனவே காற்று இடைப்பட்ட பின்கண்ணாடி, சாய்வாக நோக்கும் மீனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடுகிறது. சண்டை மீன் தன் உருவத்தையே பகையெனக் கருதிச் செவுள்மூடியை விரித்துப் போருக்கு நிற்பதுண்டு.

தாளும் பூச்சும் காற்று இடைவிடாமல் கண்ணாடியோடு ஒன்றினால் இக்குறை பெரிதும் நீங்கும். ஒட்டும் தன்மையற்ற நெகிழித் தாளாயின், கண்ணாடியில் கிளிசரின் அல்லது சமையல் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, அதன்மேல் தாளைப் படியவைக்கலாம். இவை ஏறத்தாழக் கண்ணாடியைப் போன்றே ஒளியை வளைப்பதால் எதிரொளிப்பு குறைகிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டா. ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே அஃது உறையத் தொடங்கும். தில்லியிலும் லக்னோவிலும் குளிர்காலம் வந்தால் கரும்பின்னணியில் வெண்திட்டுகள் தோன்றிவிடும்.

பொருத்தும் முறை

60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் 54 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் எடை மட்டும் 54 கிலோகிராம். நீர் நிரப்பிச் சுவரோரம் வைத்துவிட்டால் பிறகு தொட்டியை நகர்த்த இயலாது. நகர்த்த முயன்றால் கண்ணாடி விரிசல் விடலாம். ஆகவே பின்னணி கடைசியில் எண்ணிப்பார்க்கும் அலங்காரம் அன்று. நீர் ஊற்றுவதற்கு முன்பே முடிவுசெய்ய வேண்டிய செயல். வினைல் தாளைப் பொருத்தும் முறை வருமாறு:

1. புதிய தொட்டியாயின் சமமான இடத்தில் வைத்து, நீர் நிரப்பி, ஒருநாள் விட்டுக் கசிவு இல்லை என உறுதிசெய்ய வேண்டும். பின்னர் நீரை வெளியேற்றி உலர்த்த வேண்டும்.

2. பின்கண்ணாடியின் வெளிப்புறத்தை அளந்து, நான்கு பக்கமும் 2 செ.மீ. கூடுதலாகத் தாளை வெட்டிக்கொள்ள வேண்டும்.

3. தொட்டியின் வாயைச் செய்தித்தாளால் மூடி, முன்கண்ணாடி கீழே இருக்குமாறு தடித்த போர்வையின்மேல் படுக்கவைக்க வேண்டும். இதனைப் பெரியவர் இருவர் சேர்ந்து செய்தல் நன்று.

4. வெளிப்புறக் கண்ணாடியில் உள்ள தூசியையும் எண்ணெய்ப் பசையையும் துடைத்து நீக்க வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் அங்கே காற்றுக்குமிழி உண்டாகும்.

5. ஒரு குவளை நீரில் ஓரிரு சொட்டு சோப்பு நீர்மத்தைக் கலந்து கண்ணாடியின்மேல் தெளிக்க வேண்டும். ஈரம் இருந்தால் தாளை நகர்த்திச் சரிசெய்யலாம். சோப்பு மீனுக்கு நஞ்சு. தொட்டியின் உள்ளே ஒரு துளியும் விழலாகாது.

6. தாளின் பின்புற உறையை உரித்து, ஒரு விளிம்பிலிருந்து மெல்லப் படியவைக்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய பழைய பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நீவினால் நீரும் காற்றும் வெளியேறும். எஞ்சிய குமிழியை ஊசியால் குத்தி அழுத்தலாம்.

7. கூடுதலாக உள்ள தாளைப் பெரியவர் ஒருவர் பிளேடால் வெட்டி நீக்க வேண்டும். ஒருநாள் உலரவிட்ட பின் விளிம்புகளில் ஒட்டுநாடா ஒட்டினால் நீர் உட்புகாது.

வண்ணம் பூசுவோர் மற்றப் பக்கங்களைச் செய்தித்தாளால் மறைத்து, உருளையால் மெல்லிய பூச்சுகளாக மூன்றுமுறை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். உள்ளிருந்து கைவிளக்கை அடித்துப் பார்த்தால் விடுபட்ட புள்ளிகள் தெரியும். பூச்சின் மணம் முற்றும் நீங்கிய பின்னரே நீர் நிரப்ப வேண்டும்.

மீன் உள்ள தொட்டியாயின்

ஏற்கெனவே மீன் வாழும் தொட்டிக்குப் பின்னணி வைக்க விரும்புவோர் பொறுமையோடு செயல்பட வேண்டும். நீருள்ள தொட்டியை நகர்த்தலாகாது. விளக்கை அணைத்துவிட்டு, தொட்டிக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்தில் கறுப்பு சார்ட் தாளை மெல்ல இறக்கி, மேல்விளிம்பில் ஒட்டுநாடாவால் பிணைக்கலாம். திடீரெனப் பின்புறம் இருண்டால் சில மீன்கள் அஞ்சும். ஓரிரு நாளில் தெளியும். பூச்சுவேலையும் எண்ணெய் தடவுவதும் மீன் உள்ளபோது வேண்டா.

கருமை வெப்பத்தை ஈர்க்கும். ஆதலால் கரும்பின்னணி உள்ள தொட்டியின்மீது நேர்வெயில் படலாகாது. கோடையில் மேற்குச் சாளரத்தருகே வைத்த சிறுதொட்டியின் நீர் விரைவில் சூடேறும். சூடேறிய நீரில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். வெயில் பட்டால் பாசியும் மிகும்.

பின்னணி அமைந்த பிறகு ஒருவாரம் மீனைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மூலையை விட்டு நடுவே நீந்துகிறதா? இரையிட்டதும் வருகிறதா? நிறம் ஆழ்ந்துள்ளதா? இவற்றுக்கு விடை 'ஆம்' எனில் பின்னணி தன் வேலையைச் செய்கிறது. விடை 'இல்லை' எனில் நீரின் தூய்மை, வெப்பம், மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஆராய வேண்டும். கெட்ட நீரைக் கரிய தாளால் மறைக்க இயலாது.

கொல்கத்தாவின் காலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையிலும், சென்னையின் கொளத்தூரிலும் வண்ணமீன்கள் பல வகை விற்கப்படுகின்றன. அங்கே ஒரு மீனை விரும்பி வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: 'இம்மீன் அஞ்சினால் சென்று நிற்க நம் வீட்டுத் தொட்டியில் இடம் இருக்கிறதா?' அவ்வினாவுக்கு விடை தருவதில் கரும்பின்னணியே முதற்படி. செடியும் கல்லும் அடுத்தவை.

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. மீனின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பதன் பயன் யாது?
2. வெண்சுவரை ஒட்டி வைத்த தொட்டியில் மீன் வெளிறுவது ஏன்?
3. தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று இருந்தால் நேரும் குறைகள் இரண்டனைக் கூறுக.
4. பின்னணியை நீர் நிரப்புவதற்கு முன்பே அமைக்க வேண்டியது ஏன்?

ஆ. சேர்த்து எழுதுக.
கருமை + நீலம். கருமை + பச்சை. கருமை + விழி. வெண்மை + சுவர். பின் + அணி

இ. செய்து பார்க்க.
மீன் உள்ள தொட்டி ஒன்றின் பின்புறத்தில் இடப்பாதிக்குக் கறுப்புத் தாளும் வலப்பாதிக்கு வெள்ளைத் தாளும் வைக்கவும். இரண்டு நாள் கழித்து, ஒரு மணிநேரத்திற்கு ஒருமுறை எத்தனை மீன்கள் எப்பாதியில் உள்ளன எனக் குறிக்கவும். மறுவாரம் தாள்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறிக்கவும். இடம் மாற்றிப் பார்ப்பது ஏன் தேவை என்பதை ஐந்து வரிகளில் எழுதுக.